கையெழுத்தில்லாத ஆட்சேபம்

மூப்பர் ஆவதற்கு என்னிடம் இருந்த ஒரே தகுதி நரைத்த மீசை. முப்பத்தெட்டு வயதிலேயே அது நரைத்துவிட்டதால் சபையார் என்னை உள்ளதைவிடப் பத்து வருஷம் கூடுதல் விவேகியாக நினைத்துக்கொண்டார்கள். நான் அதைத் திருத்தப் போகவில்லை.

இரண்டாவது யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு அது. பட்டாளத்து முகாமை ஒட்டிய காக்ஸ் டவுனில் ஓட்டு வீடு ஒன்றில் நானும் மனைவியும் குடியிருந்தோம். பட்டாளத்துச் சரக்குக் கிடங்கு ஆபீஸில் எனக்கு டைப்படிக்கும் குமாஸ்தா வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ்ச் சபையில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, பிரசங்கத்தின் முதல் கால்மணி நேரத்தைக் கவனமாகக் கேட்டுவிட்டு, மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு தியானிப்பது வழக்கம். தியானத்தில் சத்தம் வந்தால் மனைவியின் முழங்கை விலாவில் இறங்கும்.

போதகரை நாங்கள் ஐயர் என்போம். எங்கள் ஐயர் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். அதிகம் பேசமாட்டார், பேசாத நேரத்தில் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்கும்போது, செய்த தப்பெல்லாம் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வந்து மீசையில் ஒட்டிக்கொள்வதுபோல் இருக்கும்.

அந்த வருஷம் மூன்று மூப்பர்கள் வேண்டியிருந்தது. முன்னெல்லாம் யார் பெரிய வீட்டில் இருக்கிறார்களோ அவர்களை மூப்பர் ஆக்கிவிடுவார்கள். இந்த ஐயர் அப்படிச் செய்யமாட்டேன் என்றார். மூன்று பேரைத் தேர்ந்து ஆறு மாதம் சனிக்கிழமை சாயங்காலங்களில் பழக்குவது, அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு அவர்கள் பேரைச் சபையில் வாசிப்பது, கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கிற மாதிரி. யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஐயரிடம் கொடுக்கலாம். ஒன்றுமில்லை என்றால் மூன்றாவது ஞாயிறு தலையில் கைவைத்து ஏற்படுத்துவார்.

நான், ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர், ஒரு தையல் மேஸ்திரி என்று மூன்று பேர். உபாத்தியாயரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அவரே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். மேஸ்திரி விஷயம் வேறு. பட்டாளத்து உடுப்புகள் தைக்கிற கடை அவருடையது. கடைசி பெஞ்சுக்காரர். எங்கள் சபையில் ஜாதி கிடையாது என்று யார் கேட்டாலும் சொல்லுவோம். அது உண்மையாக இருந்தால் இன்னின்ன குடும்பங்கள் முன் பெஞ்சிலும் இன்னின்ன குடும்பங்கள் கடைசி பெஞ்சிலும் மூன்று தலைமுறையாக எப்படி இடம் மாறாமல் உட்கார்ந்திருந்தன என்பதை நாங்கள் யோசித்ததில்லை. கடைசி பெஞ்சிலிருந்து அதுவரை ஒருவரும் மூப்பர் ஆனதில்லை. மூப்பர்தான் திருவிருந்து அன்று அப்பத் தட்டை ஏந்தி வரிசை வரிசையாகப் போகவேண்டும். முன் பெஞ்சுக்காரர்கள் அவர் கையிலிருக்கும் தட்டிலிருந்து எடுக்கவேண்டும். மேஸ்திரியின் பேரைக் கேட்டதும் சபையில் பலருக்கு ஒரே சமயத்தில் இருமல் வந்ததை நான் கவனித்தேன்.

ஆறு மாதமும் படித்தோம். பிஸ்கோத்து அடுக்கிய பித்தளைத் தட்டை ஏந்திக்கொண்டு காலி பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து பழகினோம். ஒருவர் நோயாளியாகப் படுக்க, மற்றவர்கள் போய் விசாரிக்கப் பழகினோம். நான் நோயாளியாக இருந்தபோது உபாத்தியாயர் எனக்கு ஆறுதல் சொன்னதில் உண்மையிலேயே தலைவலி வந்துவிட்டது. ஜெபம் மூன்று நிமிஷத்துக்குள் முடியவேண்டும் என்று ஐயர் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருவார். உபாத்தியாயர் பதினோரு நிமிஷம் போனார். நான் மூன்று நிமிஷத்தில் முடித்தேன், ஆனால் அதில் இரண்டு நிமிஷம் அடுத்து என்ன சொல்லுவது என்று யோசித்த நேரம். மேஸ்திரி ஒன்றரை நிமிஷத்தில் சொல்லவேண்டியதைச் சொல்லி நிறுத்தினார். துணியை வீணாக்காத மனிதர் வார்த்தையையும் அளந்துதான் வெட்டினார். ஐயர் கடிகாரத்தை மூடிவிட்டு, "அவ்வளவுதான்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த ஆறு மாதத்தில் வந்த ஒரே பாராட்டு அதுதான். எனக்குப் பொறாமையாக இருந்தது.

முதல் ஞாயிறு பேர் வாசித்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது ஞாயிறு வாசித்து முடித்ததும் ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூன்று பேரில் ஒருவரைப் பற்றி ஒரு தாள் வந்திருக்கிறது. கையெழுத்து இல்லை. எழுதினவர் அடுத்த ஞாயிற்றுக்குள் வந்து கையெழுத்துப் போட்டால் விசாரிப்பேன். இல்லையென்றால் தாள் செல்லாது."

யாரைப் பற்றி என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டு, என் பக்கம் பார்த்தார். ஐயர் தன் பக்கம்தான் பார்த்தார் என்று உபாத்தியாயரும் பிற்பாடு சொன்னார், ஆனால் எனக்குத் தெரியும், என் பக்கம்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன். "என் மேலதான் எவனோ எழுதியிருக்கான்."

"உங்க மேலேயா? இருக்காதுங்க" என்றாள், அரிசியைக் களைந்துகொண்டே.

"ஏன் இருக்காது?"

"உங்களைப் பத்தி எழுத ஒரு தாள் போதுமா?"

அவளையும் ஒரு நிமிஷம் சந்தேகித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். பிறகு விட்டுவிட்டேன். அவள் எழுதியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பாள்.

என் குற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இதற்கு யார் சாட்சி, அதற்கு யார் சாட்சி என்று யோசித்தேன். ஐயர் ஜெபிப்பதுபோல் நான் பேசிக்காட்டியதற்கு உபாத்தியாயர் சாட்சி, ஆனால் அவர்தான் அதிகமாகச் சிரித்தவர், எழுதமாட்டார். பெரிய குற்றம் ஒன்று இருந்தது. வகுப்பு நடந்த ஒரு சனிக்கிழமை, காய்ச்சல் என்று ஐயருக்குச் சொல்லியனுப்பிவிட்டுக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போயிருந்தேன். நான் நம்பிய குதிரை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். அன்று பந்தய மைதானத்து வாசலில், வகுப்புக்கு முன் கொடுத்துவிட்டுப் போக ஜாக்கிகளின் பட்டுச் சட்டைகளை மூட்டையாகத் தலையில் வைத்துக்கொண்டு எதிரே வந்தவர் யார்? மேஸ்திரி. நான் தொப்பியை முகத்தில் இறக்கிக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்போது அது அவருடைய நல்ல குணம் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அந்த மௌனமே திட்டம் போட்ட மௌனமாகத் தோன்றியது. ஒன்றரை நிமிஷத்தில் ஜெபத்தை முடிக்கிற மனிதர் அரைப் பக்கத்தில் என்னை முடித்திருக்கமாட்டாரா?

திங்கட்கிழமை ஆபீஸ் விட்டதும் நேரே அவர் கடைக்குப் போனேன். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தார்.

"வாங்க ரைட்டரய்யா. குந்துங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். உள்ளே திரும்பி, "இன்னாம்மே, ரைட்டரய்யா வந்துக்கிறாரு, காப்பி போடு" என்றார்.

நான் முகத்தை அவ்வளவு கடுமையாக வைத்துக்கொண்டு அதற்கு முன் எங்கேயும் உட்கார்ந்ததில்லை. "அந்தத் தாளைப் பத்தி உங்களுக்கு ஏதாவது தெரியுமா, மேஸ்திரி?" என்றேன்.

அவர் முகம் மாறியது. ஊசியை எடுத்துப் பஞ்சு உருண்டையில் குத்தினார். பிறகு, "தெரியுங்க" என்றார்.

அகப்பட்டான் என்று நினைத்தேன். "அது சரின்னு உங்களுக்குத் தோணுதா?"

"எனக்குத் தோணி இன்னா ஆவப்போவுது, ரைட்டரய்யா" என்றார்.

அதற்குள் அவர் மனைவி காப்பி கொண்டுவந்தார். பித்தளை டம்ளர், விளிம்புவரை நுரை. நான் அதைப் பார்த்தேன். என் மேல் புகார் எழுதிவிட்டு எனக்கே காப்பியா, இதைக் குடித்தால் மன்னித்துவிட்டதாக ஆகிவிடும் அல்லவா என்று என் மூளை கணக்குப் போட்டது. கையால் லேசாகத் தள்ளினேன்.

"வேணாங்க. வயிறு சரியில்லை."

அந்த அம்மாள் டம்ளரைப் பிடித்தபடியே கணவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். நானும் எதையோ பார்த்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். வெளியே வந்ததும் மூக்கில் அந்த வாசனையே நின்றது. தெருவுக்கு எதிர்ப் பக்கம் ஒரு காபி கிளப். உள்ளே போய் ஒன்றுக்கு இரண்டாகக் குடித்தேன். என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டே குடித்தேன். மேஸ்திரி கடை வாசலிலிருந்து பார்த்தால் அந்தக் கிளப்பின் முன் மேஜை நன்றாகத் தெரியும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை ஐயர் வரச்சொல்லி அனுப்பினார். ஆலயத்தை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"மேஸ்திரி வந்திருந்தார். தன் பேரை எடுத்துவிடும்படி கேட்கிறார்."

நான் நினைத்தேன், மனச்சாட்சி குத்தியிருக்கிறது.

"நீர் திங்கட்கிழமை அவர் வீட்டுக்குப் போனீராமே?"

"போனேங்க."

ஐயர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை என் முன்னால் வைத்தார். டைப்படித்த தாள். இங்கிலீஷில் நாலு வரி. இந்த மேஸ்திரி மூப்பராகி அப்பம் கொண்டுவந்தால் சில கண்ணியமான குடும்பங்களுக்கு அதை எடுத்துக்கொள்வது சிரமமாக இருக்கும், மேற்படி குடும்பங்களின் மனச்சாட்சியைக் கருதி ஐயரவர்கள் தயவுசெய்து யோசிக்கவேண்டும். அவ்வளவுதான். என்னைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. அதைப் படித்தவுடன் எனக்கு முதலில் வந்தது ஆறுதல். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அப்புறம்தான் பித்தளை டம்ளர் ஞாபகம் வந்தது.

"நான் காப்பியைத் தள்ளினது வேற காரணம், ஐயரே."

"என்ன காரணம்?"

சொன்னேன். பந்தயம், காய்ச்சல், பட்டுச் சட்டை மூட்டை எல்லாம். அவர் கேட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை வழக்கத்தைவிட நீளமாக இருந்தது.

"உம் ஆபீஸில் டைப்ரைட்டர் இருக்கிறதல்லவா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சபையில் டைப்படிக்கத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர். அதில் தாளைப் பற்றி அறிவித்த மறுநாளே மேஸ்திரி வீட்டுக்குப் போய், தாளைப் பற்றிக் கேட்டு, காப்பியைத் தள்ளிவிட்டு வந்தவன் ஒருவன்தான். நான் துப்பறியப் போன வீட்டில் நானே குற்றவாளியாகியிருந்தேன்.

"இருக்குங்க. ஆனா எங்க மெஷின்ல ஒரு எழுத்துக்கு வால் உடைஞ்சிருக்கும். இந்தத் தாளிலே எல்லா வாலும் சரியா இருக்குது, பாருங்க."

"வேறே மெஷின் கிடைக்காதா?" என்றார் ஐயர்.

இல்லாத ஒன்றை எப்படி நிரூபிப்பது என்று ஆறு மாதத்தில் அவர் சொல்லித் தரவில்லை.

"மேஸ்திரி பேரை எடுக்கச் சொன்னதை நான் இன்னும் ஏற்கவில்லை. ஞாயிறுவரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் வராமல் போனால், எழுதினவனுக்குக் கையெழுத்தே தேவைப்படவில்லை என்று ஆகிவிடும். உம்மால்தான் அந்தத் தாள் செல்லுபடியாகும்" என்று சொல்லிவிட்டுக் கதவைக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் மேஸ்திரி கடைக்குப் போனேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், மரியாதைக்குக் குறைவில்லை. உள்ளே திரும்பி எதுவும் சொல்லவில்லை. நானே கேட்டேன், "ஒரு வாய் காப்பி கிடைக்குமா?"

உள்ளேயிருந்து அந்த அம்மாளின் குரல் வந்தது. "பால் ஆயிப்போச்சுங்க." அடுப்பில் பால் பொங்கும் வாசனை கடைவரை வந்துகொண்டிருந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மேஸ்திரி வெட்டிய துணியை மடித்துக்கொண்டே கேட்டார். "நீங்க ரேஸுக்கு வந்தீங்களா? எப்போ?"

"நீங்க பாத்தீங்களே. வாசல்ல, எதிருக்கெதிரே."

"தலைமேல மூட்டை இருந்தா நான் யாரைப் பாப்பேன்? காலைத்தான் பாப்பேன்."

நாலைந்து நாள் நான் பயந்தது ஒரு ஜோடி செருப்புக்காக என்று ஆயிற்று.

"சரி, அது இருக்கட்டும்" என்றார். "என் கையால அப்பம் எடுக்கமாட்டோம்னு எவனோ எழுதினதா ஞாயித்துக்கெழமையே ஐயரு சொன்னாரு. நான் அதுக்குப் பயப்படல. எழுதறவன் எழுதுவான், நேர்ல வந்தா எடுத்துக்குவான்னு நெனச்சேன். மறுநாளே நீங்க வந்தீங்க. என் வூட்டு டம்ளரைக்கூடத் தொடல. அப்புறம் எதிர்க்க போயி ரெண்டு காப்பி குடிக்கிறீங்க, வயிறு சரியில்லாம. ஆறு மாசம் கூடப் படிச்ச ஆளே இப்பிடின்னா, நான் தட்டைத் தூக்கிக்கினு யாரு முன்னால போயி நிக்கிறது?"

"நான் அந்தத் தாளை எழுதலை, மேஸ்திரி."

"நீங்க சொல்றீங்க" என்றார்.

"என்ன செஞ்சா நம்புவீங்க?"

அவர் மனைவி கதவோரம் வந்து நின்றார். "எழுதினவரு பேரைப் போடலை. இவரு எழுதத் தெரிஞ்சவருதானே, பேரைப் போட்டு ஒண்ணு எழுதட்டுமே" என்று கணவரிடம் சொல்லுவதுபோல் என்னிடம் சொன்னார்.

சனிக்கிழமை எழுதினேன். டைப்படிக்கவில்லை, கையால். மேஸ்திரி வீட்டுக் காப்பியைத் தள்ளியது, வயிறு என்று பொய் சொன்னது, அவர் கையால் அப்பம் எடுக்க எனக்கு எந்தச் சிரமமும் இல்லை என்பது, காய்ச்சல் என்று பொய் சொல்லிப் பந்தயம் பார்த்தது, இத்தனை சந்தேகம் பிடித்தவனை மூப்பர் ஆக்குவதற்கு நானே ஆட்சேபிக்கிறேன் என்பது. கீழே முழுப் பேர், விலாசம், கையெழுத்து. உண்மையைச் சொல்லவேண்டும். இந்தக் கடைசி வரியை எழுதும்போது உள்ளூர ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. ஐயர் படித்துவிட்டு, இவ்வளவு தாழ்மை உள்ளவர்தான் மூப்பராக வேண்டும் என்று சொல்லுவார் என்று. மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "நல்லா இருக்குது. ஆனா நெஜமாவே ஒத்துக்கிட்டா என்ன பண்ணுவீங்க?" என்றாள். அந்தக் கோணத்தில் நான் யோசித்திருக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு ஆலயம் நிறைந்திருந்தது. ஐயர் பேர்களை வாசித்தார். "முன்பு வந்த தாளுக்குக் கையெழுத்துப் போட ஒருவரும் வரவில்லை. அது செல்லாது" என்று சொல்லி அதை எல்லோர் முன்னும் நாலாகக் கிழித்தார். "கையெழுத்துள்ள ஆட்சேபம் ஒன்று வந்திருக்கிறது" என்று என் தாளை எடுத்தார். எடுத்ததோடு நிற்கவில்லை, முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். குதிரைப் பந்தயம் வந்தபோது ஆர்மோனியப் பெட்டிப் பக்கம் யாரோ சிரித்தார்கள். காப்பி வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. முன் பெஞ்சுகளில் பல பேர் தங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களில் யார் அதிகமாகக் குனிகிறார்கள் என்று எண்ணினேன்.

"விதிப்படி இந்த ஆட்சேபத்தை ஏற்கிறேன். இவர் இன்னும் ஒரு வருஷம் படிப்பார்" என்றார் ஐயர்.

பக்கத்தில் மனைவி இருமினாள். இருமலா சிரிப்பா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உபாத்தியாயர் எழுந்து போய் முன்னால் முழங்கால் போட்டார். அடுத்து மேஸ்திரியின் பேரைக் கூப்பிட்டார் ஐயர். கடைசி பெஞ்சில் அசைவில்லை. ஐயர் இன்னொரு தடவை கூப்பிடவில்லை, கடிகாரத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த ஆலயம் சிறியது என்று அதுவரை நினைத்தவன் நான். மேஸ்திரி எழுந்து கடைசி பெஞ்சிலிருந்து முன்னால் வந்து சேர்ந்த நேரத்தில் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. என் தாளுக்காக எழுந்தாரா, அவர் மனைவியின் முழங்கைக்காக எழுந்தாரா என்பது எனக்குத் தெரியாது. அந்த வரிசையிலும் முழங்கைகள் உண்டு.

அடுத்த மாதம் திருவிருந்தன்று இரண்டு முன் பெஞ்சுக் குடும்பங்கள் வரவில்லை. ஒரு வீட்டில் சளி, ஒரு வீட்டில் ஊரிலிருந்து விருந்தாளி. மற்றவர்கள் எடுத்தார்கள். தட்டு என்னிடம் வந்தபோது, தவறாக நினைத்துவிடப் போகிறாரே என்று அவசரப்பட்டு இரண்டு துண்டு எடுத்துவிட்டேன். மேஸ்திரி தட்டை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, ஒன்றைத் திரும்ப வைக்கும்வரை காத்திருந்தார்.

புது மூப்பர்களுக்கு ஐயர் தெருக்களைப் பிரித்துக் கொடுத்தார். எங்கள் தெரு மேஸ்திரிக்கு விழுந்தது. தற்செயல் என்று ஐயர் சொன்னார், நான் நம்பவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். மனைவி கொடுத்ததைச் சாப்பிட்டார். வீட்டில் சுகம்தானா, ஏதாவது மனக்குறை உண்டா என்று வகுப்பில் பழகிய மாதிரியே கேட்டார். பிறகு கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, "ரைட்டரய்யா, மூப்பராக் கேக்கறேன். அந்த டைப் தாளு நீங்க எழுதலதானே?" என்றார்.

"இல்லைங்க."

"சரி. ஜெபம் பண்ணலாம்" என்றார்.

தலைகுனிந்தோம். ஒன்றரை நிமிஷ ஜெபம்தான். பாதியில் எனக்குப் பொறுக்கவில்லை. நம்பினாரா இல்லையா என்று பார்க்க இடது கண்ணை மட்டும் மெல்லத் திறந்தேன். மேஸ்திரி வார்த்தை தவறாமல் ஜெபித்துக்கொண்டே, வலது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.